எடுக்காத பை

ரேணுகாதேவியின் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று வீட்டில் முடிவானபோது அவள் எல்லோருக்கும் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆடியில எடுத்துடலாம்" என்றாள் மாமியார் உண்ணாமலை, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ஆடியில யாரு கல்யாணம் வெக்கிறாங்க? ஆர்டரும் கம்மியாத்தான் கீது. எடுத்துட்டு கொஞ்ச நாளு படுத்தா, ஆவணி முகூர்த்தத்துக்கு மறுபடி தறியில குந்திடலாம்."

"அதுவும் சரிதான்" என்றான் ரேணுகாவின் கணவன் முத்துவேல். அவன் தட்டில் ரசத்துக்காகச் சோற்றில் ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தான். கண்ணை அந்தக் குழியிலிருந்து எடுக்கவில்லை.

"பயமே வேணாம் அண்ணி" என்றாள் ஹேமலதா. முத்துவேலின் தங்கை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அம்மா வீட்டில்தான் சாப்பாடு. "எனக்கு எடுத்தாங்களே, ஒண்ணுமே தெரியல. ஊசி போட்டாங்க, தூங்கினேன், முழிச்சேன், பை இல்ல. அவ்ளோதான்."

கர்ப்பப்பை என்ற முழுச்சொல்லை அந்த வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. பை என்றுதான் சொல்வார்கள். வெளியாள் யாராவது கேட்டால், பரணில் கிடக்கும் பழைய துணிப்பை ஒன்றை எடுப்பதற்காகக் குடும்பமே கூடி யோசிக்கிறது என்றுதான் நினைப்பார்.

"நீ என்னா சொல்ற ரேணுகா?" என்று யாரும் கேட்கவில்லை. "ரேணுகா, மோரு" என்று கேட்டார்கள்.

மோர் எடுக்கப் போன வழியில் அவளுக்குத் தும்மல் வந்தது. ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு, கண்ணை மூடித் தும்மினாள். கூடத்தில் பேச்சு நின்றது.

"கேட்டியா?" என்றாள் உண்ணாமலை மகனிடம். "இப்ப போயி பொடவ மாத்துவா பாரு."

ரேணுகா போய்ப் புடவை மாற்றினாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. மகன் கிரண் வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அவன் பிறந்தபோது இருந்த எடையைக் கேட்டு நர்சுகள் பக்கத்து வார்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த தொல்லைதான் இது. இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கொஞ்சம் கசிந்துவிடும். சிரித்தால் கொஞ்சம் என்பது போதாது.

அதனால் அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். தெருவில் யாராவது வேடிக்கையாகப் பேச ஆரம்பித்தால் செத்துப்போன தன் பெரியப்பாவை நினைத்துக்கொள்வாள். பெரியப்பா உயிரோடு இருந்தபோது அவள் அவரை அவ்வளவு நினைத்ததில்லை. இப்போது வாரத்துக்கு நாலைந்து முறை அவரைச் சாகடிக்க வேண்டியிருந்தது. 'திமிரு புடிச்சவ, வாயத் தொறந்து ஒரு சிரிப்பு உண்டா?' என்று தெரு பேசிக்கொண்டது. அவள் அதை மறுக்கவில்லை. திமிர் என்பது கேட்பதற்கு எவ்வளவோ மேல்.

வீட்டுக்கு விஷயம் தெரிந்தது பங்குனியில். வீட்டில் இரண்டு தறிகள். ஒன்றில் முத்துவேல், ஒன்றில் ரேணுகா. அன்று அவள் தறியில் அரக்குக் கரை போட்ட கத்தரிப்பூ நிறச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தும்மல். எழுந்தபோது உட்கார்ந்திருந்த பலகையில் ஈரம். பட்டில் ஒரு சொட்டும் படவில்லை. ஆனால் உண்ணாமலை பார்த்துவிட்டாள்.

"பட்டுல பட்டா யாருடி பதிலு சொல்றது? தாலி ஏறுறப்ப கட்டற பொடவடி அது!"

அன்று முதல் ரேணுகாவின் பலகை மேல் ஒரு பிளாஸ்டிக் தாள். அவள் அசைந்தால் அது மொரமொரவென்று பேசும். குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஒருமுறை ஓடினால் பிளாஸ்டிக் ஒருமுறை பேசும். வாசலில் போகிறவர்கள்கூட 'என்னா சத்தம் அது?' என்று எட்டிப் பார்த்தார்கள். சாமி அறைக்குள் அவள் கால் வைக்கக் கூடாது என்றும் ஆனது. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு அடுத்த தெருவிலிருந்து ஹேமலதா வந்து போனாள். படவேட்டு ரேணுகா அம்மன் பெயரைச் சூட்டி வளர்த்த பெண், அந்த அம்மன் படத்துக்குக் கதவுக்கு வெளியே நின்று கும்பிட்டாள்.

இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் தெருவுக்குத் தெரியும். அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவள் எதிர்வீட்டு அபிதகுசாம்பாள். அவளுக்கு நிஜமாகவே பெரிய கட்டி இருந்தது, ரத்தப்போக்கு நிற்காமல் சாகக் கிடந்தாள், கர்ப்பப்பையை எடுத்ததால் பிழைத்தாள். பிழைத்த நன்றியில் அன்றிலிருந்து வெள்ளைப்படுதல், இடுப்புவலி, கோபம், முடி கொட்டுவது என எதற்கும் 'எடுத்துடு' என்றாள். எடுத்தவர்கள் எண்ணிக்கை வருடா வருடம் கூடியது. எடுக்காதவர்களை, வீட்டில் இன்னும் கழிவறை கட்டாதவர்களைப் போலப் பார்த்தார்கள்.

அறுவைக்கு முன்னால் ஸ்கேன் வேண்டும் என்று தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதை அரசு மருத்துவமனையில் எடுத்துவிடலாம் என்று முத்துவேல் அவளை அழைத்துப் போனான். வாசலில் காவலாளி கேட்டார்.

"எதுக்கு வந்தீங்க?"

முத்துவேல் குரலைத் தாழ்த்தினான். "பை எடுக்கறதுக்கு."

"எங்க வெச்சீங்க?"

"அவங்ககிட்டதான் கீது."

"அவங்ககிட்ட இருந்தா எடுத்துகினு போங்களேன். என்னாத்துக்கு என்ன கேக்குறீங்க? வழிய வுடுங்க, ஜல்தி."

உள்ளே இருந்த பெண் மருத்துவர் முத்துவேலை வெளியே போகச் சொன்னார். பிறகு ரேணுகாவிடம், இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"எப்போ ஆகுதும்மா? சும்மா இருக்கும்போதா? இருமும்போதா?"

"இருமினா, தும்மினா மேடம்."

"சிரிச்சா?"

"சிரிக்கிறதில்ல மேடம்."

"ஏன்?"

"அதான்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பரிசோதித்தார். ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. கட்டி இருந்தா எடுப்போம், நிக்காத ரத்தப்போக்குன்னா எடுப்போம். சில பேருக்கு எடுத்துத்தான் ஆகணும். உங்களுக்கு, மூத்திரத்தைத் தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோச்சு. அவ்வளவுதான். சமையல்கட்டுக் குழாய் ஒழுகினா யாராவது அலமாரியை இடிப்பாங்களா? தசைக்கு வேலை குடுத்தா அது பலமாகும். அந்தக் கடைசி ரூம்ல அன்புச்செல்வின்னு ஒருத்தங்க இருப்பாங்க, பயிற்சி சொல்லிக் குடுப்பாங்க. மூணு மாசம் விடாம செய்யணும். அதுக்கப்புறமும் சரியாகலன்னா மத்தது பேசலாம்."

கடைசி அறையில் சுவரில் ஒரு சக்கரமும் கூரையிலிருந்து ஒரு கயிறும் இருந்தன. தோள்பட்டை பிடித்துக்கொண்ட பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ரேணுகாவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனதும், முத்துவேல் அந்த வரிசையில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு எந்தத் தோளு?" என்று பக்கத்துப் பெரியவர் கேட்டார்.

உண்மையைச் சொல்ல முடியவில்லை. "ரெண்டும்" என்றான். அவர்கள் அனுதாபத்தோடு அவனை முதலில் விட்டார்கள். மனைவி வெளியே வரும்வரை அவன் கயிறு இழுத்துக்கொண்டிருந்தான்.

திரைக்குப் பின்னால் அன்புச்செல்வி பிரயாசைப்பட்டுக்கொண்டிருந்தாள். சேத்துப்பட்டுப் பெண். வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத ஒரு தசையை வெட்கத்தில் பாதி காது மூடிக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எப்படி அடையாளம் காட்டுவது?

"உள்ளே தூக்கணும்க்கா. லிஃப்ட் மேலே போற மாதிரி."

"நான் லிஃப்ட்ல போனதில்ல மேடம்."

"என்ன வேலை செய்யறீங்க?"

"தறி."

அன்புச்செல்விக்கு முகம் மலர்ந்தது. எங்கோ ஒரு வாசலில் நின்று தறியைப் பார்த்திருக்கிறாள். "அப்போ சுலபம். நீங்க மிதிய மிதிச்சா நூலெல்லாம் மேலே எழும்புது இல்லையா? நாடா போற வரைக்கும் நிக்குது. அப்புறம் விட்டுடறீங்க. அதே மாதிரிதான். தூக்கணும், நிறுத்தணும், விடணும்."

"ஓ" என்றாள் ரேணுகா. முதல் முறையாக அவளுக்கு எல்லாம் விளங்கியது. தவறாக.

வீட்டில் விசாரணை நடந்தது.

"மாத்திர குடுத்தாங்களா?" என்றாள் உண்ணாமலை.

"இல்ல அத்த."

"ஊசி?"

"இல்ல."

"ஒரு தைலமாச்சும்?"

"இல்ல அத்த. பயிற்சி."

"பயிற்சியா? எங்க, செய்யி பாப்போம்."

ரேணுகா செய்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

"எப்ப செய்யப் போற?"

"செஞ்சிட்டேன் அத்த."

உண்ணாமலை மகனைப் பார்த்தாள். "இன்னும் எத்தினி பேஜாரு பாக்கணுமோ" என்றாள். கடைசியில் ஆடிவரை பொறுப்பது, ஆடியில் சரியாகவில்லையென்றால் எடுத்துவிடுவது என்று தீர்ப்பானது. ஆர்டர் இருந்ததால் எப்படியும் அதற்குமுன் எடுக்க முடியாது.

கண்ணால் பார்க்க முடியாத வைத்தியம் முத்துவேலைப் பாடாய்ப் படுத்தியது. மனைவி பேசாமல் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. சாம்பார் கிளறும்போது கிட்டே வந்து கிசுகிசுப்பான்.

"இப்ப செய்றியா?"

"உப்பு பாக்குறேன்."

பேருந்தில், ஜன்னல் பக்கம் திரும்பி அவள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தால், "இப்பவா?"

"கொக்கு பாக்குறேங்க. சும்மா வாங்க."

ஆனால் அவள் செய்யத்தான் செய்தாள். காலை, மதியம், மாலை விடாமல் செய்தாள். தறியில் மிதியை மிதித்தால் நூல் மேலே எழும்பும். கீழே அழுத்தினால்தான் மேலே ஏறும். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த எந்தத் தறியும் வேறு மாதிரி நடந்ததில்லை. ஆகவே அவள் மூச்சைப் பிடித்து, முகம் சிவக்க, வயிற்றைக் கீழ்நோக்கி அழுத்தினாள். நன்றாக அழுத்தினாள். எழும்ப வேண்டியது எழும்பும் என்று காத்திருந்தாள்.

வைகாசி முடிவதற்குள் நிலைமை மோசமானது. இருமலுக்குக் கசிந்தது இப்போது மாடிப்படி இறங்குவதற்கே கசிந்தது. உண்ணாமலை பிளாஸ்டிக்கை இரண்டாக மடித்துப் போட்டாள். மொரமொரப்பு இரட்டிப்பானது.

"நான் சொன்னேன் இல்ல?" என்றாள் எதிர்வீட்டிலிருந்து வந்த அபிதகுசாம்பாள். "பைய வெச்சிகினு பயிற்சி செஞ்சா எப்படி? மொதல்ல எடுக்கணும், அப்பால எதனா செய்யணும்."

முத்துவேல் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆடியில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு வந்தான். மறுநாள் ரேணுகா தையல்காரியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு, தனியாக அரசு மருத்துவமனைக்குப் போனாள்.

"எனக்கு வரல மேடம்" என்றாள் அன்புச்செல்வியிடம். "எல்லாருக்கும் இருக்கிற தச எனக்கு இல்லபோல."

"படுங்க. நான் பார்க்கும்போது ஒருமுறை செய்யுங்க."

ரேணுகா செய்தாள். அன்புச்செல்வியின் பார்வை அவள் வயிற்றிலிருந்து மெல்ல நகர்ந்து கட்டிலின் மறுகோடிக்குப் போனது. அங்கே ரேணுகாவின் வலது பாதம் இல்லாத ஒரு மிதியைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது.

"கால் எதுக்கு அழுத்துது?"

"மிதிச்சாதான மேடம் மேல ஏறும்?"

அன்புச்செல்வி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, இத்தனை நாளும் கீழேயா தள்ளிக்கிட்டு இருந்தீங்க? என் தப்பு. தறியே வேண்டாம். தறியை மறந்துடுங்க." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யோசித்தாள். பிறகு படிப்பில் சொல்லித்தராத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"வீடு நிறைய சம்பந்தி வீட்டுக்காரங்க. நடுவுல நீங்க நிக்கறீங்க. வயித்துல வாயு. என்ன செய்வீங்க?"

ரேணுகா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பொம்பளைங்க அதெல்லாம் வுடுவாங்களா மேடம்?"

"விடமாட்டீங்க. எப்படி விடாம இருப்பீங்க?"

"அடக்கிக்குவோம்."

"எதை வெச்சு?"

ரேணுகா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். புகுந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து மாமனார் முன்னால், விருந்தாளிகள் முன்னால், பெண்களுக்குக் கழிவறை இல்லாத கல்யாண மண்டபத்தில், நிறுத்தாத பேருந்தில் அவள் அடக்கியிருக்கிறாள். எதை வைத்து என்று யாரும் கேட்டதில்லை. யோசித்தபடியே ஒருமுறை அடக்கிப் பார்த்தாள். வயிறு அசையவில்லை. கால் அசையவில்லை. உள்ளே, எங்கோ, ஒன்று மேலே எழும்பியது.

"அதான்! அதேதான்!" என்று அன்புச்செல்வி கத்தியதில் வெளியே கயிறு இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் கயிற்றை விட்டுவிட்டார். "பின்னாடி எப்படிச் சுருக்கினீங்களோ அப்படியே முன்னாடியும். மூச்சைப் பிடிக்காதீங்க. நிறுத்துங்க. இப்ப முழுசா விடுங்க. விடறதும் முக்கியம்."

"இதுவா மேடம்?" ரேணுகாவால் நம்ப முடியவில்லை. "இது எனக்குத் தெரியுமே. கல்யாணம் ஆன நாள்லேந்து இதத்தான பண்ணிகினு கீறேன்!"

அன்புச்செல்வி இன்னும் சிலவற்றைச் சொன்னாள். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் அதைச் சுருக்கிக்கொண்டு பிறகு தும்ம வேண்டும். பயந்துபோய்த் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. மலச்சிக்கல் ஆகாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று நிமிஷத்துக்கு ஒருமுறை கழிவறைக்கு ஓடவும் வேண்டாம்.

ஆனி முழுவதும் ரேணுகா செய்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள், தறியில் உட்கார்ந்திருக்கும்போது தும்மல் வந்தது. சுருக்கிக்கொண்டாள், தும்மினாள். வழக்கமான ஈரத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கடைசிப் பேருந்து போய்விட்டது தெரியாமல் நிறுத்தத்தில் நிற்கிறவளைப் போல, அவள் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, குப்பைக்காரர் வருவதற்குள் வாசலில் கொண்டுபோய் வைத்தாள்.

முழுக்க நின்றுவிடவில்லை. கனமானதைத் தூக்கினால் எப்போதாவது ஒரு சொட்டு. ஆனால் புடவை மாற்ற ஓடுவது நின்றது.

இருந்தாலும் ஆடி வந்தது, குறித்த நாளும் வந்தது. உண்ணாமலை எதிர்வீட்டில் பெரிய ஃபிளாஸ்க் கடன் வாங்கி வைத்திருந்தாள். கஞ்சிக்கு நொய்யும் உடைத்தாகிவிட்டது. மருமகளுக்குப் பையெடுக்கப் போகிறார்கள் என்று கோட்டைத் தெருவரை சொல்லியிருந்தாள். "சரியாயிடுச்சி அத்த" என்று ரேணுகா சொன்னபோது, "சரியானா என்னா? நாளு குறிச்சாச்சி இல்ல?" என்று கேட்டாள்.

பேருந்து நிலையத்தில், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்தில் முத்துவேல் துண்டு போட்டு இடம் பிடித்தான். திரும்பிப் பார்த்தால், மனைவி எதிர்ப்பக்கம் அரசு மருத்துவமனையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவன் துண்டைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். துண்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். சொல்லப்போனால் அவனுக்கும் கத்தி என்றால் பயம்.

மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "அறுவையே வேண்டாம். பயிற்சியை மட்டும் விடாதீங்க" என்றார். இருவரும் திரும்பும் வழியில் மாம்பழம் வாங்கினார்கள்.

பையில் மாம்பழத்தோடு மருமகள் நடந்து வருவதை உண்ணாமலை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஓடிவந்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"எடுக்கலயா?"

"எடுக்க வேணான்னுட்டாங்க அத்த. அந்தப் பயிற்சியிலயே சரியாயிடுச்சாம்."

"ஐயோ! தெருவுக்கு நான் என்னா பதிலு சொல்லுவேன்? பயிற்சின்னா எந்த எடத்துக்குப் பயிற்சின்னு கேப்பாங்களே! அந்த எடத்துக்குன்னு சொல்றதா? ஆப்பரேசன்னா ஒரு கௌரவம் கீது. இதுக்கு என்னா கீது?" அவள் தலையணையைத் தட்டிப் போட்டாள். "படு."

"எதுக்கு அத்த?"

"எடுத்துட்டு இன்னிக்கே அனுப்பிட்டாங்கன்னு சொல்லிக்கலாம். படுடி!"

ரேணுகா மறுப்பதற்காகத்தான் கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். மேலே மின்விசிறி சுற்றியது. கல்யாணமாகி வந்த பிறகு பகலில் அவள் படுத்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் யாரும் 'ரேணுகா, மோரு' என்று கேட்கவில்லை. மாமியார் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். கணவன் மாம்பழம் அறுத்துக் கொடுத்தான். சும்மா வராத ஓய்வு, வயிற்றை அறுத்தால்தான் வரும்போல. அறுக்காமலே வந்ததை எதற்குக் கெடுப்பது என்று அவள் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தெருப்பெண்கள் பார்க்க வந்தார்கள். ரொட்டி, ஹார்லிக்ஸ், ஆப்பிள். அபிதகுசாம்பாளுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குப் பாய். ஹேமலதா சொந்தக்காரி என்பதால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"மூஞ்சியில என்னா தெளிச்சி பாத்தியா!" என்றாள் அபிதகுசாம்பாள். "பை போனா மூஞ்சி தெளிஞ்சிடும். நான் சொல்லல? ஏ குணசுந்தரி, கிட்ட வந்து பாரு."

குணசுந்தரி மூன்றாவது வீட்டுப் பெண். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். கட்டிலின் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிச்சுதாக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஏன் கேக்குற?"

"எனக்கும் வெள்ளிக்கிழம சொல்லிட்டாங்க. சின்னவன் பொறந்ததுலேந்து... தும்மினா ஒரு மாதிரி ஆவுது. பயமா இருந்துச்சி. நீங்களே எடுத்துட்டீங்கன்னு கேட்டதும் எங்க வீட்டுக்காரரு தைரியமாயிட்டாரு. வெளியதான் நிக்கிறாரு. எந்த ஆஸ்பத்திரின்னு அண்ணன்கிட்ட கேட்டுகினு கீறாரு."

"உனக்கு என்னா வயசு?"

"இருவத்தெட்டுக்கா."

ரேணுகா மின்விசிறியைப் பார்த்தாள். படுக்கை சுகமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே கிடக்கலாம். கிடந்தால் வெள்ளிக்கிழமை இந்தப் பெண்ணுக்கு எடுத்துவிடுவார்கள்.

அவள் போர்வையை விலக்கி, கால்களைத் தொங்கவிட்டு, எழுந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, தையலு!" என்று ஹேமலதா அலறினாள்.

"என்னா தையலு? ஒண்ணும் எடுக்கல."

காபித் தட்டோடு வந்த உண்ணாமலை வாசற்படியில் நின்றாள். "மயக்கம் இன்னும் தெளியல. உளறுது."

"ரெண்டு நாளாவா?" என்றாள் அபிதகுசாம்பாள்.

"நல்லா தெளிஞ்சிதான் கீறேன். எனக்குப் பை நல்லா கீது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னுட்டாங்க. அங்க ஒரு தச கீது, அதத் தெனமும் சுருக்கி வுடணும். அவ்ளோதான்."

"அந்த எடத்துக்கா?" என்றாள் பாயில் இருந்த ஒருத்தி.

"அந்த எடத்துக்குத்தான்."

"அது எங்க கீதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?"

ரேணுகா அன்புச்செல்வியைப் போலவே கேட்டாள். "வூடு பூரா சம்பந்திங்க. நடுவுல நீ நிக்கிற. காத்து வந்துடுச்சி. என்னா பண்ணுவ?"

"யாரு மேல பழி போடறதுன்னு பாப்பேன்" என்றாள் அபிதகுசாம்பாள்.

அறை வெடித்தது. முதலில் குணசுந்தரி, அடுத்து பாயில் இருந்தவர்கள், கடைசியில் எல்லோரும். "சிரிக்க வெக்காதீங்களே!" என்று ஹேமலதா கதறிக்கொண்டே காலைப் பின்னினாள். குணசுந்தரி முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகினாள். ஒருத்தி தலையணையைப் பறித்து மடியில் அழுத்தினாள். அபிதகுசாம்பாள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தாள். உண்ணாமலை காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி, காலை மாற்றி மாற்றிப் போட்டு நின்றாள்.

அந்த அறையில் ஒருத்திதான் தலையை அண்ணாந்து, கையைத் தொங்கவிட்டு, முழுசாகச் சிரித்தாள். பெரியப்பா ஞாபகமே வரவில்லை. சிரித்து முடித்துவிட்டு அவள் நாத்தனாரைப் பார்த்தாள்.

"ஹேமா, உனக்குத்தான் பை இல்லியே?"

"இல்ல அண்ணி."

"அப்ப?"

ஹேமலதா தலையைக் குனிந்தாள். "பை போச்சி. இது போவல."

"அடிப்பாவி, நீதான எனக்குப் பதிலா தெனமும் வெளக்கேத்துன? ஏன் சொல்லல?"

"எடுத்தப்பறம் எப்டி சொல்றது? எல்லாரும் அவ்ளோ ஆப்பிளு வாங்கிகினு வந்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. பாயில் இருந்த இன்னும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எடுத்தாகியிருந்தது. அபிதகுசாம்பாள் மட்டும், "எனக்குக் கட்டி நெசமாவே இருந்துச்சி" என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

"எனக்கு முத்துவேலு பொறந்ததுலேந்து கீது" என்றது சுவரோரத்துக் குரல். எல்லோரும் திரும்பினார்கள். உண்ணாமலை.

"அத்த!" ரேணுகா எழுந்தே விட்டாள். "வெச்சிகினேவா எனக்குப் பிளாஸ்டிக் போட்டீங்க?"

"பின்ன?" உண்ணாமலைக்கு நிஜமாகவே புரியவில்லை. "எங்க மாமியா எனக்குச் சாக்கு போட்டா. குத்தும். நான் உனக்குப் பிளாஸ்டிக் போட்டேன். நல்லதுதான போட்டேன்?"

கோபிக்க வேண்டும் என்றுதான் ரேணுகா நினைத்தாள். கடைசியில் கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள்.

"வந்து குந்துங்க அத்த. கதவ சாத்திட்டு வாங்க."

வெளியே நடையில் குணசுந்தரியின் கணவன் அஜித்குமார், ஆஸ்பத்திரி விவரம் கேட்டுக்கொண்டிருந்தான். பவர்லூமில் வேலை செய்கிறவன், எதையும் சத்தமாகவே பேசிப் பழகியவன். முத்துவேல் எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியாமல் ஆஸ்பத்திரியின் சுவர் நிறத்தைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தான். உள்ளே கேட்ட சிரிப்பு நின்றது. கதவு சாத்தும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை.

அஜித்குமார் காதைத் தீட்டிக்கொண்டான். எட்டுப் பெண்கள் இருக்கும் ஓர் அறையிலிருந்து ஒரு சத்தமும் வராததை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"என்னாண்ணா, உள்ள யாருக்கனா எதனா ஆயிடுச்சா?"

முத்துவேலுக்கு அந்த மௌனம் தெரியும். மாதக்கணக்கில் சமையலறையில் அதன் பக்கத்தில் நின்று வேவு பார்த்தவன்.

"ஒண்ணும் ஆவல. வேல செய்றாங்க."

"ஒரு சத்தமும் காணோமே?"

"அந்த வேலைக்குச் சத்தம் வராது."

கதவு திறந்தது. குணசுந்தரி வெளியே வந்து செருப்பைத் தேடினாள்.

"வா, வா" என்றான் அஜித்குமார். "அண்ணன் எல்லாம் சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழம காலையிலயே ஆட்டோவுக்குச் சொல்லிடறேன்."

"வேணான்னு சொல்லிடு. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரியில வேற ஒருத்தங்களப் பாக்கணும்."

"ஏன், பயமா? ரேணுகாக்காவே எடுத்துட்டாங்க!"

"அவங்க எடுக்கல."

அஜித்குமார் முத்துவேலைப் பார்த்தான். முத்துவேல் எதிர்வீட்டு ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்தான்.

"தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்டி. எங்க அம்மாவும் உனக்கு எடுத்துடலான்னு சொல்லிடுச்சி" என்றான் அஜித்குமார், அவள் பின்னாலேயே இறங்கி. "அப்ப உன் பைய என்னாதான் பண்றது?"

குணசுந்தரி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"என்னுதுதான? இருந்துட்டுப் போவட்டும்."